இரண்டு கட்டங்கள்: பொருளியல் ஆய்வு மாணவரின் கல்வியும் கற்பித்தலும்

கல்லூரி ஆசிரியர் பணிக்கான விண்ணப்பப் படிவம் எதுவாயினும் அதில் இரண்டு கட்டங்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று கல்வித் தகுதி, மற்றொன்று கற்பித்தல் அனுபவம். முதலாவதில் பட்டங்களையும் அவற்றைப் பெற்ற ஆண்டுகளையும் நிரப்ப வேண்டும். இரண்டாவதில் நிறுவனத்தின் பெயர், பணியேற்ற நாள், விடுபட்ட நாள். எதைக் கற்பித்தீர், கற்பித்ததன் வழியே நீர் எதைத் தெரிந்துகொண்டீர் என்று வினவும் கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது. இவ்விரு கட்டங்களுக்கும் நடுவே அச்சடித்திருக்கும் கோடு, நம் உயர்கல்வியின் நடுவிலேயே போடப்பட்ட கோடாக எனக்குத் தோன்றுகிறது. பொருளியல் துறையை முன்வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ் படித்தவனுக்குப் பொருளியல் ஆய்வு மாணவர்கள்மீது என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் எளியது. எங்கள் கீரனூர் போன்ற ஊர்களில் (கீரனூர் ஜாகிர்ராஜாவின் கீரனூர் அன்று, அது பழனிப் பக்கம். இது புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர் வட்டத்தின் தலைமையூர்) பொருளியலில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்தவர்கள், களப்பணிக்குப் புறப்படுமுன் தங்கள் வினாநிரலைத் தமிழாக்கிக்கொள்ள ஒரு தமிழாசிரியரைத் தேடி வருவார்கள். அவ்வகையில் என் கைக்கு வந்த வினாநிரல்கள் பல. "தங்கள் குடும்பத்தின் முறைசாராக் கடன் மூலங்கள் யாவை?" என்று ஒரு வினா இருக்கும். நடவு முடித்துக் கரையேறும் ஒரு பெண்மணியிடம் இதைக் கேட்டால், "என்ன தம்பி கேக்குறீக?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். அவருக்குத் தெரிந்தவை கைமாற்று, தண்டல், நகை அடகு, குழுவில் எடுத்தது ஆகியவை. கைமாற்றுக்குப் பெரும்பாலும் வட்டியில்லை, முகத்துக்குத் தருவது. திருப்பித் தராவிட்டால் போவது உறவு. தண்டலில் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தந்து, முழுத்தொகையையும் நாள்தோறும் வசூலிப்பார்கள். அடகில் பொருள் போகும். குழுக் கடனில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நான்கும் நான்கு வகைப் பொருளியல். "முறைசாரா மூலம்" என்ற ஒற்றைத் தொடர் நான்கையும் ஒரு மூட்டையில் கட்டிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வினாநிரலைக் கொண்டுவருபவர் அன்று காலையில்தான் ஏதோவொரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக "பணமும் வங்கியும்" பாடம் நடத்திவிட்டு வந்திருப்பார். அவருக்கு முன்னால் அமர்ந்திருந்த இரண்டாமாண்டு மாணவர்கள் கைமாற்றும் தண்டலும் நடக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் வகுப்பில் அவர்கள் அதைப் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. வகுப்பு வேறு, ஆய்வு வேறு. கோடு அங்கே நிற்கிறது.

இந்தக் கோடு எப்போதும் இருந்ததில்லை என்பதற்கு நான் காட்டக்கூடிய முதற்சான்று அம்பேத்கர். சட்டமேதை என்றே நாம் அவரைப் பெரிதும் நினைவுகூர்கிறோம். சட்டத்திற்கு முன்னும் சட்டத்தோடு சேர்த்தும் அவர் ஒரு பொருளியல் ஆய்வு மாணவர். மேற்சொன்ன படிவத்தை அவருக்காக நிரப்பிப் பார்ப்போம்.

கல்வித் தகுதிக் கட்டம். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் படித்து இளங்கலைப் பட்டம். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம். 1915இல் முதுகலை, ஆய்வுப் பொருள் பண்டைய இந்திய வணிகம். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடங்களின் கணக்கு சுவையானது: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சிலும் ஜெர்மானியத்திலும் ஒவ்வொன்று. பொதுநிதியியல் அறிஞர் எட்வின் செலிக்மனிடம் பயின்ற அதே மாணவர்தான் ஜான் டூயியின் மெய்யியல் வகுப்பிலும் இருந்தார். 1916 மே மாதத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையையும் படித்தார். இன்று ஒரு பொருளியல் ஆய்வு மாணவர் மானிடவியல் கருத்தரங்கில் சாதியைப் பற்றிக் கட்டுரை படிக்கப் போகிறேன் என்றால், "உங்கள் தலைப்புக்கு இது தேவையா?" என்று நெறியாளர் கேட்பார். கேட்காத நெறியாளர்களும் உண்டு, அவர்கள் வாழ்க.

1916இல் அவர் இலண்டன் பொருளியல் பள்ளிக்கும் கிரேஸ் இன் சட்டக் கழகத்துக்கும் சென்றார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பை நடுவில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அனுமதி கொடுத்தது. அவருடைய நூல்கள் வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டு நூல்கள் கடலுக்குப் போயின. உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். சாதியின் பெயரால் தங்க இடமின்றி அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். இவையெல்லாம் பலரும் எழுதியவை. விரைவாகக் கடந்து செல்கிறேன்.

இப்போது இரண்டாவது கட்டம். 1918 நவம்பரில் பம்பாய் சைடனம் வணிகவியல் பொருளியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். மாத ஊதியம் 450 ரூபாய். 1920 மார்ச்சில் விலகினார். பதினாறு, பதினேழு மாதங்கள். படிவத்தில் ஒற்றை வரி.

அந்த ஒற்றை வரிக்குள் என்ன இருந்தது? ஆசிரியர் அறையில் வைத்திருந்த பொதுக் குடிநீர்ப் பானையில் அவர் நீரெடுப்பதற்குச் சில பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முதலில் அசட்டையாக இருந்த மாணவர்கள், பிறகு அவர் வகுப்பில் மூழ்கினார்கள். வேறு கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து கேட்டதாக அவருடைய வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறிப்பிடுகிறார். அதே 1918இல் இந்தியப் பொருளியல் கழகத்தின் இதழில் "இந்தியாவில் சிறு நிலவுடைமைகளும் அவற்றுக்கான தீர்வுகளும்" என்ற அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1919 சனவரியில் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சௌத்பரோ குழுவின்முன் சாட்சியம் அளித்தார். பரேலில் தொழிலாளர் குடியிருப்பொன்றில் இரண்டு அறைகளில் குடும்பத்தோடு வாழ்ந்து, ஊதியத்தில் மிச்சம்பிடித்து இலண்டன் செலவுக்குச் சேர்த்தார். கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும் ஒரு பார்சி நண்பரிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடனும் சேர, 1920இல் மீண்டும் கப்பலேறினார்.

அந்தச் சிறு நிலவுடைமைக் கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதே வேளாண்மையின் நோய், துண்டுகளை ஒன்று சேர்த்தால் தீரும் என்பது அன்று பரவலான கருத்து. அம்பேத்கர் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். ஒரு பண்ணை பெரியதா சிறியதா என்பதை ஏக்கரால் மட்டும் எப்படிச் சொல்வது? அதில் இறங்கும் உழைப்புக்கும் முதலுக்கும் உரிய விகிதத்தில் நிலம் இருக்கிறதா என்பதுதானே கேள்வி? வேறு வேலையில்லாத மக்கள் எல்லாரும் நிலத்தின்மேல் விழுந்து கிடப்பதால் உழைப்பு வீணாகிறது. அவர்களை ஏற்கத் தொழில்கள் வளராமல் வரப்புகளை மட்டும் மாற்றிப் பயனில்லை என்கிறார். பின்னாளில் "மறைமுக வேலையின்மை" என்ற பெயரில் பாடநூல்களில் ஏறிய சிந்தனைக்கு மிக நெருங்கிய வாதம் இது. எழுதியபோது அவருக்கு முனைவர் பட்டம் கையில் இல்லை, வயது இருபத்தேழு.

இலண்டனில் 1921இல் முதுநிலை அறிவியல் பட்டம். 1922இல் "ரூபாயின் சிக்கல்" என்ற ஆய்வேட்டை அளித்தார். தேர்வாளர்கள் திருத்தம் கேட்டார்கள். பம்பாய் திரும்பியபின் திருத்தி அனுப்பினார். 1923இல் அறிவியல் முதுமுனைவர் பட்டம் கிடைத்தது, அவ்வாண்டே நூலாகவும் வந்தது. நெறியாளர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். அதில் மாணவரின் கருத்துகள் பலவற்றை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அவற்றின் புதுமையை மதித்தும் எழுதினார். (நம் நெறியாளர்களின் "சான்றிதழ்"ப் பக்கங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.) கொலம்பியாவின் முனைவர் பட்டம், மாகாண நிதி பற்றிய நூல் 1925இல் அச்சானபின், 1927இல்தான் முறைப்படி வந்தது.

ரூபாய் நூலைப் பொருளியல் அறியாத என்னைப் போன்றவனும் பொறுமையிருந்தால் தொடர்ந்து படிக்க முடிகிறது. பொன்னும் வெள்ளியும் சேர்ந்து புழங்கிய காலத்திலிருந்து தொடங்கி, வெள்ளி நாணயத்திற்கு நாடு எவ்வாறு வந்தது, வெள்ளி விலை வீழ்ந்தபோது என்ன நேர்ந்தது, 1893இல் நாணயச் சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு ஏன் மூடினார்கள் என்று படிப்படியாகப் போகிறது. பொன் செலாவணித் திட்டத்தைப் பரிந்துரைத்த கீன்சோடு நேருக்கு நேர் மோதுகிறது. வெளிநாட்டு மாற்று விகிதம் அசையாமல் நிற்பதைவிட உள்நாட்டில் ரூபாயின் வாங்கும் ஆற்றல் நிலைத்து நிற்பதே சாதாரண மக்களுக்கு முக்கியம் என்பது அதன் உயிர்நாடி. வாசகன் எங்கே தடுக்கி விழுவான் என்று முன்கூட்டியே அறிந்து அங்கே ஒரு விளக்கைப் பிடிக்கும் எழுத்து அது. வகுப்பறையில் நின்று, புரியாத முகங்களைப் பார்த்துப் பழகியவரின் எழுத்து என்பது என் துணிபு. சைடனத்தின் பதினாறு மாதங்கள் அவருக்குக் கட்டணத்தை மட்டும் சம்பாதித்துத் தரவில்லை.

இரண்டாவது சான்று தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. அவரைத் தமிழ்த்துறையினர் வேறொரு காரணத்திற்காக அறிவார்கள். இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு எவ்வளவு என்று ஆராய்ந்து 1924இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட கில்பர்ட் சிலேட்டர்தான் அவர். அந்த நூலை மேற்கோள் காட்டும் தமிழாசிரியர்களில் எத்தனை பேர் அவர் பொருளியல் பேராசிரியர் என்று அறிந்திருப்பார்கள் என்பது ஐயமே. இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிட்டுத் தனியுடைமையாக்கப்பட்ட வரலாறு அவருடைய முனைவர் ஆய்வு, 1907இல் நூலாயிற்று. தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியில் 1909 முதல் முதல்வர். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுத்தவர், 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார்.

வந்தவர் செய்த காரியம் எளிமையானது. நம் ஊர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மாணவர்களுக்கோ தங்கள் ஊர் தெரியும், ஆனால் தமக்குத் தெரிந்தது பொருளியல் என்பது தெரியாது. எனவே ஒரு வினாநிரலைத் தந்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் ஆராய்ந்து எழுதச் சொன்னார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி நெல்லாகவா பணமாகவா, கடன் யாரிடம், கிணறு எத்தனை, சேரியில் குடும்பங்கள் எத்தனை. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு என்று தமிழகத்தின் ஊர்கள் 1918இல் வெளியான "சில தென்னிந்தியக் கிராமங்கள்" நூலில் இடம்பெற்றன. அம்பேத்கரின் சிறு நிலவுடைமைக் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு.

அந்த வகுப்புப் பயிற்சி அங்கே முடியவில்லை. பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930களில் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்று ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். இருவேல்பட்டுக்கு 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் சென்றார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் சென்றார்கள். ஏறத்தாழ நூறாண்டுகளில் ஒரு தமிழ்க் கிராமத்தில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, பண்ணையாளாக இருந்தவரின் பேரன் என்ன செய்கிறார் என்று தொடர்ச்சியாகச் சொல்ல முடிகிறதென்றால், அதற்கு வித்து ஒரு ஆசிரியர் மாணவர்களுக்குக் கொடுத்த விடுமுறைப் பாடம்.

தமிழகத்தில் இந்த மரபு பின்னரும் அறுபடவில்லை. வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா 1930களில் கல்கத்தாவில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்தார், இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார், 1940களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். யுனெஸ்கோவின் உயர்பதவிக்குப் போய்த் திரும்பி, 1971இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, ஸ்டான்போர்டில் முனைவரான சி.டி. குரியன், பட்டம் பெற்றபின் இளங்கலை மாணவர்களிடமே திரும்பி வந்து நெடுங்காலம் பாடம் சொன்னார். பின்னர் ஆதிசேஷையாவின் நிறுவனத்துக்கு இயக்குநரானார். பொருளியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி பொருளாதாரத்தை விளக்கி அவர் எழுதிய நூல்கள் எங்கிருந்து வந்தன என்று தேட வேண்டியதில்லை.

இனி இன்றைய நிலை. தமிழக ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் அரசுக் கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு வெளியிட்ட அறிவிப்பில் மதிப்பெண் 34. கற்பித்தல் அனுபவத்திற்கு ஆண்டுக்கு 2 வீதம் உயர்ந்த அளவு 15. முனைவர் பட்டத்திற்கு 9. நேர்காணலுக்கு 10. அதாவது ஏழரை ஆண்டுகள் எங்கேனும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருந்தால் 15 மதிப்பெண். அந்த ஏழரை ஆண்டுகளில் ஒரே குறிப்பேட்டை ஏழு முறை படித்துக் காட்டினாரா, அல்லது ஒவ்வோராண்டும் புதிதாகச் சிந்தித்தாரா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. அதுவும் உரிய தகுதியைப் பெற்ற பின் கற்பித்த ஆண்டுகளே கணக்கு. சைடனத்தில் அம்பேத்கர் கற்பித்தது இரண்டு ஆய்வுப் பட்டங்களுக்கும் முன்பு. வாரியத்தின் கணக்கில் அவருக்கு அந்தக் கட்டத்தில் பூச்சியம்.

பின்னர் எழுத்துத் தேர்வு முறை வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் எழுத்துத் தேர்வு முதற்கட்டத்தை மட்டும் சோதிக்கும். இரண்டாவதன் உள்ளடக்கம் அப்போதும் தொடப்படாமல் இருக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊசலாட்டம் தனிக்கதை. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராவதற்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் விதி செய்தார்கள்; 2021 சூலையில் நடைமுறைக்கு வரவேண்டியதை 2023 சூலைக்குத் தள்ளினார்கள்; அந்தச் சூலை வந்தபோது தகுதித் தேர்வே போதும் என்றார்கள். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இந்த விதியை நம்பி எத்தனை பேர் அவசரமாக ஏதோவொரு தலைப்பில் பதிவு செய்தார்கள் என்பதை ஆய்வேடுகளின் தலைப்புகளே சொல்லும். ஒன்றிய வட்டாரத்தின் பெயரை மாற்றினால் போதும், சுய உதவிக் குழுக்களின் தாக்கம் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

இவற்றின் நடுவே 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளில் ஒரு நல்ல வாசகமும் இருக்கிறது. எத்துறை ஆய்வாளராயினும் தம் பாடம் தொடர்பான கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும். வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் வகுப்புத் துணைப்பணியும் தரலாம் என்கிறது அது. எழுதியவர் யாரோ, வகுப்பறையை அறிந்தவர். ஆனால் உதவித்தொகையோடு முழுநேரம் படிப்பவருக்குத்தான் 4 மணி, 6 மணி என்ற கணக்கெல்லாம். எங்கள் பக்கத்து ஆய்வாளர் பகுதிநேரத்தில் பதிந்தவர். காலைச் சுழற்சியில் ஒரு கல்லூரி, மாலையில் தனிப்பயிற்சி நிலையம், இரவில் ஆய்வேடு. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019இல் சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகளில் கிடைப்பது அதில் பாதியளவே, அதுவும் பதினோரு மாதங்களுக்கு. தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் கிடைப்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே, கற்பித்தல் புனிதமானது, ஆய்வாளர்கள் இன்னும் அதிகமாகக் கற்பிக்க வேண்டும் என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். வகுப்பு மட்டுமே வாழ்க்கையானால் ஆய்வு மாயும். அம்பேத்கர் சைடனத்தை விட்டு விலகியதால்தான் ரூபாய் நூல் எழுதப்பட்டது. விலகுவதற்கு அவரிடம் மிச்சம்பிடித்த ஊதியம் இருந்தது. நான்கு ஆண்டுகள் இடத்தைக் காத்துவைத்த பல்கலைக்கழகம் இருந்தது. கடன் கொடுத்த நண்பர் இருந்தார். நிரந்தரப் பணியிலிருப்பவர் ஊதியத்தோடு விடுப்பெடுத்து ஆய்வை முடிக்க மானியக் குழுவின் ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் முன்பு பலருக்கு உதவியது. கௌரவ விரிவுரையாளர் ஒரு பருவம் விலகினால் அடுத்த பருவத்தில் அந்த இடத்தில் வேறொருவர் இருப்பார். அவர் வாழ்வின் பத்தாண்டுகளை ஒரு கட்டத்தில் ஆண்டுகளாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுகட்டத்தை நிரப்ப வழியை அடைத்துவிடுகிறோம்.

இதில் மொழியும் சேர்ந்திருக்கிறது. அதுதான் என்னை நேராகத் தொடுவது. ஆய்வேடு ஆங்கிலத்தில், வகுப்பு தமிழில். 1960களில் தமிழ்வழிக் கல்வி கல்லூரிகளுக்கு வந்தபோது பொருளியலுக்குக் கலைச்சொற்கள் ஆக்கினார்கள். இறுதிநிலைப் பயன்பாடு, வாய்ப்புச் செலவு, தேவை நெகிழ்ச்சி ஆகியவை நல்ல சொற்கள். ஆனால் சொல்லைக் கொடுத்தால் பொருள் போய்ச் சேர்ந்துவிடாது. வாய்ப்புச் செலவு என்பதை, நூறு நாள் வேலைக்குப் போகும் நாளில் முந்திரிக் காட்டுக்குப் போகாததால் இழக்கும் கூலி என்று சொன்னால் எங்கள் மாணவிக்கு மறுபேச்சின்றி விளங்கும். அப்படிச் சொன்ன கணமே அவள் ஒரு மறுப்பையும் சொல்வாள்: முந்திரிக் காட்டில் வேலை ஆண்டு முழுதும் ஏது? அந்த மறுப்பு ஓர் ஆய்வேட்டின் அத்தியாயத்துக்குப் போதுமானது. பாடநூலில் இங்கிலாந்தின் துணியும் போர்ச்சுகலின் திராட்சை மதுவுமே எடுத்துக்காட்டாக இருக்கும்வரை மாணவி மறுக்க மாட்டாள்; மனப்பாடம் செய்வாள்.

புதுக்கோட்டைச் சீமையில் பொருளியலுக்குப் பஞ்சமில்லை. கண்மாய்ப் பாசனம் ஒழிந்து ஆழ்துளைக் கிணறு வந்த கணக்கு, தைல மரம் நின்ற நிலத்தின் நீர்க் கணக்கு, 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்களின் உழைப்பு நேரக் கணக்கு, கல் குவாரிகளின் கூலிக் கணக்கு. சமஸ்தானத்துக்கென்று தனிக்காசே இருந்த ஊர் இது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும் மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்ற எழுத்தும் பொறித்த செப்புக் காசு, அம்மன் காசு. இருபது காசு ஓரணா. முந்நூற்றிருபது காசு ஒரு ரூபாய். நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுப்பார்கள் என்று முதியவர்கள் சொல்வதுண்டு. 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும்வரை அது புழங்கியது. நாணயச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. உதவிப் பேராசிரியர் தேர்வின் இறுதிக் கட்டத்தில் மூடிய அறை நேர்காணலுக்கு மாற்றாக, ஆய்வாளர் தம் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்கு அரைமணி நேரம் தமிழில் நடத்தட்டும். தேர்வுக் குழுவினர் பின்வரிசையில் பேசாமல் அமர்ந்திருக்கட்டும். பகுதிநேர ஆய்வாளராக உள்ள கௌரவ விரிவுரையாளருக்கு, இடம் பறிபோகாதவாறு இரண்டு பருவங்கள் ஊதியத்தோடு விடுப்புக் கிடைக்கட்டும். திரும்பி வரும்போது ஆய்வேட்டோடு, அதன் சாரத்தை மாணவர்களுக்கு விளக்கும் தமிழ்ப் பாடமொன்றையும் அவர் அளிக்கட்டும். வினாநிரலைத் தமிழாக்கத் தமிழாசிரியரிடம் வருமுன், தம் வகுப்பு மாணவர்களிடம் ஒருமுறை அதைப் படித்துக் காட்டட்டும்.

பணமும் வங்கியும் வகுப்பில், வெள்ளி விலை வீழ்ந்து ரூபாயின் மதிப்புக் குறைந்த கதையை நடத்திக்கொண்டிருக்கும்போது, கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, அப்ப நம்ம அம்மன் காசுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், ஆசிரியர் அந்தக் கேள்வியைத் தம் ஆய்வேட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ள நேரமும் நிம்மதியும் அவருக்கு இருக்க வேண்டும்.